இரும்படிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறீர்களா? முதலில் சுத்தியல் வாங்காதீர்கள்

என் வீட்டு மொட்டைமாடியில் மூக்குடைந்த பட்டடைக்கல் ஒன்று கிடக்கிறது, சூடான இரும்பை மேலே வைத்து அடிப்பதற்கானது. ஆன்லைனில் 4,800 ரூபாய்க்கு வாங்கியது. வார்ப்பிரும்பு என்று தெரியாமல் வாங்கிவிட்டேன், மூன்றாம் நாளே கொம்பு உடைந்து விழுந்தது. இப்போது அதன்மேல் துளசித் தொட்டி இருக்கிறது.

மதுரையில் ஐடி வேலை பார்ப்பவன் நான். கொல்லர் வேலை கற்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நாளிலிருந்து உருப்படியாக ஒரு கொக்கி அடித்து முடிக்கப் பதினொரு மாதம் ஆனது. அதில் உண்மையாகக் கற்றது நாலு மாதம்தான். மீதி ஏழு மாதம் தப்பான பொருளிலும் தப்பான ஆளிடமும் தொலைந்துபோனது. உங்களுக்கு அந்த ஏழு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, குடும்பத்தில் யாரும் இந்தத் தொழிலில் இல்லாமல், பொழுதுபோக்காகவோ பக்கத் தொழிலாகவோ தொடங்க நினைப்பவர்களுக்கு இது உதவும்.

1. வகுப்பைத் தேடாதீர்கள், பட்டறையைத் தேடுங்கள்

நான் செய்த முதல் தப்பு, 'வகுப்பு' என்று தேடியது. அப்படித் தேடினால் வெளிநாட்டு வீடியோக்கள் வரும். நடுவில் 'இரண்டு நாளில் கத்தி செய்யக் கற்றுத் தருகிறோம்' என்று ஏதாவது ஒன்று வரும். அப்படி ஒன்றுக்கு 6,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். தேதி இரண்டு முறை தள்ளிப்போனது, அப்புறம் போனையே எடுக்கவில்லை. இடத்தை நேரில் பார்த்து, உலை எரிவதைக் கண்ணால் காணும்வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இன்ஜினியரிங் படித்தவர்கள் முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் 'ஸ்மித்தி' என்று ஒரு கம்பியைச் சூடாக்கித் தட்டியிருப்பீர்கள். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்ததைத் தவிர அதில் வேறெதுவும் எனக்கு நினைவில்லை. ஐடிஐயில் வெல்டர் பிரிவு இருக்கிறது. ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பிழைப்புக்காகவே இந்தப் பக்கம் வரும் இளைஞர் என்றால் அதைத் தாராளமாகப் படியுங்கள், பின்னால் கை கொடுக்கும். ஆனால் உலையும் சம்மட்டியும் அங்கே கிடைக்காது.

பட்டறையைக் கண்டுபிடிக்க எளிய வழி, மண்வெட்டி கடப்பாரை விற்கும் இரும்புக்கடையில் போய் "கடப்பாரை முனை மழுங்கிப்போச்சு, எங்கே கொடுத்து அடிச்சு வாங்கலாம்?" என்று கேட்பதுதான். கடைக்காரர் ஊர் பெயரோடு சொல்லிவிடுவார். வாரச் சந்தையில் அரிவாளும் களைக்கொத்தும் பரப்பி வைத்திருப்பவர்களிடமும் கேட்கலாம், பெரும்பாலும் அவர்களே ஆசாரியாகவோ ஆசாரியின் சொந்தக்காரராகவோ இருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் அரிவாள் என்றாலே திருப்பாச்சேத்திதான். நானும் ஆசையோடு அங்கேதான் முதலில் போனேன். பெயர் பெற்ற ஊரில் ஆர்டர் குவிந்து கிடக்கும், புதிதாக வந்து நிற்பவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. நீங்கள் தேட வேண்டியது ஒற்றை ஆசாரி உட்கார்ந்து ரிப்பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை. கடப்பாரைக்குக் கூர் வைப்பது, மண்வெட்டிக்குத் தகடு சேர்ப்பது, உளி தீட்டுவது என்று ஒரே காலையில் ஐந்து விதமான வேலை வரும். ஒரே அரிவாளை நூறு முறை அடிக்கும் இடத்தைவிட அங்கேதான் கை சீக்கிரம் பழகும்.

2. போனதுமே கேட்காதீர்கள்

கேமராவோடு போகாதீர்கள். வீட்டில் துருப்பிடித்துக் கிடக்கும் மண்வெட்டியையோ கத்தியையோ எடுத்துக்கொண்டு வாடிக்கையாளராகப் போங்கள். கூலி கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். வேலை முடியும்வரை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை போனபிறகு கேளுங்கள்.

நான் கேட்டபோது ஆசாரி ஒரு நிமிடம் என் கையைப் பார்த்தார். "எதுக்குத் தம்பி உனக்கு இந்த வேலை? எம்பையனே இத விட்டுட்டுக் கப்பலூர்ல கம்பெனிக்குப் போறான்." அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆசையா இருக்கு ஐயா என்றேன். "ஆசைக்குக் கரி யாரு வாங்குறது?" என்றார். அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது, அடுத்த படி அதுதான்.

3. கூலி, கரி, ஒரு வெள்ளைத்தாள்

கற்றுக்குட்டி ஒருவன் உலைக்குப் பக்கத்தில் நின்றாலே ஆசாரிக்கு அன்றைய வேலையில் பாதி கெடும். அந்த நஷ்டத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். "கலையைச் சொல்லிக்கொடுக்கப் பணமா" என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து சொல்லட்டும்.

எங்கள் ஏற்பாடு இப்படி: ஒரு காலைக்கு 600 ரூபாய், காலை ஆறு மணியிலிருந்து பத்து வரை. கரியும் இரும்பும் என்னுடையது. நான் செய்து உருப்படும் பொருள் எனக்கு, நான் கெடுத்த இரும்பும் எனக்கே. வாடிக்கையாளர் வந்துவிட்டால் அவர் வேலைதான் முதலில், நான் சம்மட்டி பிடிக்க வேண்டும். பணம் அன்றன்றைக்கு.

மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஆசாரி ஏமாற்றுவார் என்று இதைச் சொல்லவில்லை. முழங்கை வலி தாங்காமல் மூன்றாம் வாரமே நின்றுவிடுபவர்கள்தான் அதிகம், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பது இருவருக்கும் சங்கடம். இன்னொரு பொறி, "காசெல்லாம் வேண்டாம், சும்மா வந்து சம்மட்டி அடி" என்பது. ஒரு மாதம்வரை சரி, அதற்கு மேல் நீங்கள் கூலியில்லாத ஆள்தான், சுத்தியல் உங்கள் கைக்கு வரவே வராது.

பேசியதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் நோட்டரி எதுவும் வேண்டாம். காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள். என் தாளில் அது என் பொறுப்பு.

ஆதார் நகல் ஒன்றையும் ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள். அரிவாள் செய்யும் பட்டறைகள் வாங்குபவரின் பெயர், முகவரி எல்லாம் குறித்து வைக்க வேண்டும், விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே விற்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு காவல்துறை கறாராகச் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வாராவாரம் ஒரு புது முகம் வந்து போனால் கேள்வி ஆசாரியிடம்தான் வரும். கையில் உங்கள் நகல் இருந்தால் அவருக்கு நிம்மதி.

வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கியில் ஒரு படிவம், அவ்வளவுதான். 18 முதல் 70 வயதுவரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். சின்னச் சின்னத் தீக்காயத்துக்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவை அது தராது, அதற்குத் தனி மருத்துவக் காப்பீடுதான் வேண்டும். போகிற போக்கில் டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

4. எந்த மாதம், எந்த நாள்

ஆடிப்பட்டத்துக்கு முன்னாலும் அறுவடைக்கு முன்னாலும் பட்டறையில் ஈ நுழையக்கூட இடமிருக்காது. கருப்பசாமிக்கு அரிவாள் நேர்ந்துகொண்டவர்களின் ஆர்டரும் திருவிழாக் காலத்தில் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கரி நனைந்துவிடும், புகைதான் மிஞ்சும். நான் தொடங்கியது சித்திரையில், அது இன்னொரு முட்டாள்தனம். எட்டு மணிக்கே உலைமுன்னால் தலை சுற்றியது. பொங்கல் முடிந்து தை, மாசியில் தொடங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் உடம்பு பழகிவிடும்.

எங்கள் ஆசாரி அமாவாசைக்கு உலை மூட்டமாட்டார். அது தெரியாமல் இரண்டு தடவை முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆயுத பூஜைக்கும் அப்படித்தான், கருவிகளுக்குப் பொட்டு வைத்துப் படைத்தபிறகு மறுநாள் அவர் எடுத்துத் தரும்வரை தொடக்கூடாது.

5. வாங்க வேண்டியது கொஞ்சம், வாங்கக் கூடாதது நிறைய

முதல் மாதம் வாங்க வேண்டியவை: பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி, தோல் ஷூ, காதடைப்பான், முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு. எனக்கு எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் ஆனது. சுத்தியல்கூட இரண்டாம் மாதம் வாங்கினால் போதும், ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். பெரிய சுத்தியல்தான் ஆம்பளைத்தனம் என்று ஒன்றரைக் கிலோவில் தொடங்கினால் தோள்பட்டை போய்விடும்.

இரும்பு: பழகுவதற்கு மைல்ட் ஸ்டீல் கம்பி போதும், பட்டறையில் பச்சிரும்பு என்பார்கள். 12 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி ஆறு மீட்டர் நீளம் வாங்கினால் ஏறத்தாழ ஐந்தே கால் கிலோ வரும், ஒரு மாதத்துக்குத் தாராளம். கடையிலேயே ஓரடி நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். அதைவிட நீளமானால் பிடித்துக்கொள்ள வசதிதான், ஆனால் வண்டியில் கொண்டுபோக முடியாது.

வீடு கட்டும்போது மிஞ்சிய டிஎம்டி கம்பி இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மேலே இருக்கும் வரிகள் அடிக்க அடிக்க மடிந்து உள்ளே போய் விரிசலாக நிற்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயை உலைக்குள் வைக்கவே கூடாது. அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கும்.

அப்புறம் தண்டவாளம். வெளிநாட்டு வீடியோ எல்லாவற்றிலும் "பட்டடைக்கல் வாங்கப் பணமில்லையா, தண்டவாளத் துண்டு ஒன்று போதும்" என்பார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பதற்கென்றே 1966-ல் இருந்து தனிச் சட்டம் இருக்கிறது. திருட்டுச் சொத்தோ என்று சந்தேகம் வந்தால், அது கைக்கு முறையாகத்தான் வந்தது என்று வைத்திருப்பவர்தான் காட்ட வேண்டும். காயலான் கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார்" என்பார், பில் மட்டும் தரமாட்டார். நானும் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆசாரி திட்டியதால் வைத்துவிட்டு வந்தேன்.

கரி: சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலங்கரிதான் எங்கள் உலைக்கு. ஒரு காலைக்கு நாலு கிலோ போகும், எனக்குக் கிலோ 35 ரூபாய்க்குக் கிடைத்தது. மூட்டையாக வாங்கினால் அடியில் தூள் அதிகம் இருக்கும், கையை விட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நாலு மாதத்தில் முப்பது காலை போனேன். கூலி 18,000, கரி 4,200, இரும்பு 2,000, பாதுகாப்புச் சாமான் 2,500, சுத்தியல் 600. ஆக 27,300 ரூபாய், பெட்ரோல் தனி. துளசித் தொட்டியின் அடியில் கிடப்பதையும் ஓடிப்போன முன்பணத்தையும் இதில் சேர்க்கவில்லை.

6. முதல் ஆறு காலை: காற்று, சம்மட்டி, நிறம்

ஆசாரி விளக்கமாட்டார். "பாத்துக்க" என்பார், அதுதான் பாடம். எங்கள் பட்டறையில் ப்ளோயர் மோட்டார் இருந்தும் முதல் இரண்டு காலை என்னைக் கைச்சக்கரத்தைச் சுற்ற வைத்தார். கோபமாக வந்தது. பிற்பாடுதான் புரிந்தது, காற்று கூடினால் தீ எப்படி மாறுகிறது என்பது கையில் சுற்றினால்தான் உறைக்கும். கரிக்குள் கம்பியைக் காற்றுக்குழாய் வாய்க்கு நேராகக் குத்தி வைக்காதீர்கள், அங்கே இரும்பு கருகும். கொஞ்சம் மேலே, கரி மூடிய இடத்தில் படுக்க வையுங்கள். அடியில் சேரும் கிட்டத்தை, அதாவது உருகிக் கட்டியான கழிவை, அவ்வப்போது எடுக்காவிட்டால் எவ்வளவு காற்றடித்தாலும் சூடு ஏறாது.

அடுத்து சம்மட்டி. ஆசாரி தாழ்ந்த பட்டடைக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். அவர் தட்டிய இடத்தில்தான் உங்கள் சம்மட்டி விழ வேண்டும். சுத்தியலை வெறும் கல்லில் 'டிங்' என்று தட்டினால் நிறுத்து என்று பொருள். அதற்குமேல் ஒரு அடி விழுந்தாலும், கம்பியைப் பிடித்திருக்கும் குறடு அவர் கையை முறிக்கும். எங்கள் பட்டறையில் இருபது வருடமாக அவர் மனைவிதான் சம்மட்டி. அந்த அம்மா அடிப்பதைப் பார்த்தபிறகு என் ஜிம் பெருமையெல்லாம் அடங்கிவிட்டது. முழங்கையால் அடிக்காமல் இடுப்பிலிருந்து தூக்கி, விழும்போது கையைத் தளர்த்திவிடுகிறார். அதைக் கவனித்துக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு காலை போனது.

நிறத்தைப் பார்க்கப் பட்டறை இருட்டாக இருப்பதே நல்லது, பெரிய ஜன்னல் இல்லையே என்று நினைக்காதீர்கள். மங்கல் சிவப்பில் அடிக்காதீர்கள், இரும்பு நகராது, விரிசல்தான் விடும். ஆரஞ்சிலிருந்து மஞ்சள்வரை, ஏறக்குறைய 950 முதல் 1,150 டிகிரி, அதுதான் அடிக்கும் நேரம். மத்தாப்பூ மாதிரிப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது, அந்த முனையை வெட்டிப் போட வேண்டியதுதான். நான் அடிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் ஏழு முனை போனது.

செய்யும் வரிசை: கம்பி முனையைக் கூராக்குவது, அப்புறம் எஸ் கொக்கி, அப்புறம் உளி, அப்புறம் உங்களுக்கான குறடு. கூர்முனையை நாலு பக்கச் சதுரமாக அடித்து இறக்கிவிட்டுக் கடைசியில்தான் உருட்ட வேண்டும். முதலிலேயே உருண்டையாக அடித்தால் நடுவில் பிளந்துகொள்ளும். கத்தி, வாள் என்று முதல் வாரமே கேட்பவனைப் பார்த்தால் எந்த ஆசாரிக்கும் முகம் மாறும், அதில் நியாயமும் இருக்கிறது.

7. சுடும், எப்படியும் சுடும்

சிவந்த இரும்பை யாரும் தொடமாட்டார்கள். சிவப்பு அடங்கிக் கறுத்துக் கிடக்கும் இரும்புதான் சுடும், அப்போதும் அது 400 டிகிரி இருக்கலாம். கீழே கிடக்கும் எதையும் எடுக்கும்முன் புறங்கையை மேலே காட்டிச் சூடு வருகிறதா என்று பாருங்கள். பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டும், அதனால் பருத்தி. பேன்ட்டை ஷூவுக்குள் சொருகாதீர்கள், பொறி உள்ளே விழுந்தால் எடுக்க முடியாது. ஆசாரி வெறுங்காலோடும் மடித்துக் கட்டிய கைலியோடும் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாற்பது வருடப் பழக்கம், நீங்கள் பின்பற்ற வேண்டாம். சுத்தியல் பிடிக்கும் கையில் கையுறை போடாதீர்கள், வழுக்கும்.

சுட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். கதவை மூடிய அறையில் கரி மூட்டவே கூடாது. அதன் நச்சுக்காற்றுக்கு வாசனையே கிடையாது.

8. தோய்ச்சலுக்கு அவசரம் வேண்டாம்

காய்ச்சிய இரும்பை முக்கிக் கடினமாக்குவதுதான் தோய்ச்சல். பச்சிரும்புக்கு அது ஏறாது, எத்தனை தடவை தண்ணீரில் முக்கினாலும் அது பச்சிரும்புதான். உளியும் அரிவாளும் செய்ய எஃகு வேண்டும். பட்டறைகளில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத்தான் வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். பட்டை வாங்கும்போது மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள், வண்டியில் பாரம் சுமந்து ஓய்ந்த பட்டையில் அது இருக்கும்.

உளி முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சுகிறோம். சூடு போதுமா என்று தெரிய ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், 770 டிகிரி வாக்கில் இரும்பைக் காந்தம் இழுக்காது. அதிலிருந்து இன்னும் ஒரு சாயல் ஏறியதும் முனையை முக்கி எடுத்து, செங்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, மேலிருந்து சூடு இறங்கி வருவதைப் பார்க்க வேண்டும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக ஓடி வரும். உளிக்குப் பழுப்பு தாண்டி ஊதா முனைக்கு வரும்போது முழுசாக முக்கிவிடுவோம். வைக்கோல் நிறத்திலேயே முக்கினால் கடினமாக இருக்கும், ஆனால் சுத்தியல் பட்டதும் சில்லு தெறிக்கும். ஆசாரிக்குத் தண்ணீரே போதும், எத்தனை நொடி என்று அவர் கைக்குத் தெரியும். நமக்கு எண்ணெய்தான் நல்லது. நான் தண்ணீரில் முக்கிய முதல் உளி 'டக்' என்றது, எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு.

9. அரசுத் திட்டம் இருக்காமே?

இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023-ல் வந்தது. கொல்லர் உட்பட 18 தொழில்கள், பயிற்சிக்கு நாளுக்கு 500 ரூபாய், கருவிக்கு 15,000. ஏற்கெனவே குடும்பத் தொழிலாக அந்தக் கைவேலையைச் செய்துகொண்டிருப்பவர்களுக்கானது அது. தமிழ்நாடு அரசு அதை அப்படியே செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதிவிட்டு, 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 25 தொழில்கள், 3 லட்சம்வரை கடன், அதில் கால்பங்கு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், ஆனால் வயது 35 ஆகியிருக்க வேண்டும். இதுவும் தொழில் செய்கிறவருக்குத்தான். உங்கள் ஆசாரி விண்ணப்பித்திருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் விவரம் கேட்டு வந்து படிவம் நிரப்பிக் கொடுங்கள். நம்மால் அவருக்கு ஆகிற உதவி அது.

பிற்பாடு நீங்களே விற்கத் தொடங்கினால் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம், ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசுத் தளத்தில் அது இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

10. செய்ததை வீட்டுக்குக் கொண்டு வருவது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டுக் கருவிகள் ஆயுத விதிகளின் கணக்கில் வந்துவிடும். வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இவற்றுக்கென்று செய்தவைக்கு விலக்கு உண்டு. தேங்காய் வெட்டும் அரிவாளுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் இரவு ஒன்பது மணிக்குச் சோதனைச் சாவடியில் அது தேங்காய்க்குத்தான் என்று விளக்கிக்கொண்டு நிற்பது நீங்கள்தான். வாளும் குத்துவாளும் அழகுக்குக்கூடச் செய்யாதீர்கள்.

நான் முதல் அரிவாளைச் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, ஆசாரி கையால் எழுதி வாங்கிய ரசீதோடு பகலிலேயே வண்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். ரிங் ரோட்டில் நிறுத்தினார்கள். ரசீதைக் காட்டினேன். பிரித்துப் பார்த்த ஏட்டையா, "பிடி கோணலா இருக்கே, யார் செஞ்சது?" என்றார்.

நான்தான் சார் என்றேன். போகச் சொல்லிவிட்டார்.